கிட்டப் போறவங்களுக்கு மட்டும்!

அல்ட்ரா வைடு லென்ஸ் வாங்கப் போறீங்களா? பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், பாஸ்!

கையில ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா. சீனியர் வித்துட்டுப் போனது, அண்ணன் பரண்ல போட்டு வெச்சிருந்தது, விஸ்காம் சேர்ந்ததுக்காக அப்பா கடன் சொல்லி வாங்கித் தந்தது... எப்படி வந்திருந்தாலும் கூடவே ஒரு 18-55 லென்ஸும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். முதல் ஆறு மாசம் காக்கா, குருவி, கேன்டீன் டீ கிளாஸ்னு எல்லாத்தையும் சுட்டுத் தள்ளியிருப்பீங்க.

அப்புறம்தான் அந்த ஏக்கம் ஆரம்பிக்கும். ஹாஸ்டல் ரூம்ல எட்டுப் பேர் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறாங்க. ஃப்ரேம்ல அஞ்சு பேர்தான் வர்றாங்க. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தை முழுசா எடுக்கலாம்னு பின்னாடி பின்னாடி நகர்ந்தா, முதுகு தூண்ல இடிக்குது. "ஒரு அல்ட்ரா வைடு மட்டும் இருந்தா எல்லாமே உள்ள வந்துடுமே!"

இந்த நினைப்புலதான் பல பேர் அந்த லென்ஸை வாங்குறாங்க. அதே நினைப்பாலதான் மூணே மாசத்துல அது பை அடியில தூங்கவும் போயிடுது. கல்யாண வீட்டுல லைட் பிடிச்சு, லீவு நாள்ல பார்ட் டைம் பார்த்து சேர்த்த காசு அது. வீணாகலாமா? அதனால எந்த லென்ஸ் நல்லதுங்கிறதுக்கு முன்னாடி, அது எதுக்குங்கிறதைப் பேசிடுவோம்.

எந்த நம்பர்ல இருந்து 'அல்ட்ரா'?

லென்ஸ் மேல எழுதியிருக்கிற எம்.எம். கணக்கு எல்லா கேமராவுலயும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஸ்டூடன்ட்ஸ் கையில இருக்கிற டி.எஸ்.எல்.ஆர்.கள்ல பெரும்பாலும் ஏ.பி.எஸ்-சி சென்சார்தான் இருக்கும். அந்தக் கால 35 எம்.எம். பிலிம் ஃப்ரேமை விட இது சின்னது. அதனால படத்தோட ஓரங்கள் வெட்டுப்பட்டுப் போகும். எவ்வளவு வெட்டுப்படுதுன்னு தெரிஞ்சுக்க கேனன்னா 1.6ஆலயும், நிக்கான்னா 1.5ஆலயும் பெருக்குங்க.

உங்க 18-55 லென்ஸோட 18, நிக்கான்ல 27க்குச் சமம். கேனன்ல கிட்டத்தட்ட 29. அதாவது சாதாரண வைடு. அதே இடத்துல 10 எம்.எம். மாட்டினா நிக்கான்ல 15, கேனன்ல 16. இதுதான் அல்ட்ரா வைடு ஏரியா.

'வெறும் 8 எம்.எம். வித்தியாசம்தானே'னு அலட்சியமா நினைக்காதீங்க. டெலி பக்கம் 200க்கும் 208க்கும் வித்தியாசமே தெரியாது. வைடு பக்கம் ஒவ்வொரு எம்.எம்.மும் தங்கம். நிக்கானோட ஏ.பி.எஸ்-சி கேமராவுல 18 எம்.எம். பார்க்கிற கோணம் 76 டிகிரி. 12ல அது 99. 10ல 109!

இங்கதான் ஒரு பொறி இருக்கு. பழைய லென்ஸ் விக்கிறவர், சிவப்பு வளையம் போட்ட கேனன் 17-40 லென்ஸை எடுத்துக் காட்டி, "இது புரொபஷனல் வைடு லென்ஸ் தம்பி"ன்னு சொல்லலாம். அவர் சொல்றது பொய் இல்லை. ஆனா அது ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு வைடு. உங்க கேமராவுல 17ஐ 1.6ஆல பெருக்கினா 27. கையில இருக்கிற 18-55க்கும் இதுக்கும் விரிவுல பெரிய வித்தியாசமே இருக்காது. உஷார்!

மலை காணாமப் போன மாயம்

ஊட்டியில ஒரு வளைவுல நிக்கிறீங்க. எதிர்ல பிரமாண்டமா மலை. 18ல ஒரு படம் எடுக்குறீங்க. அதே இடத்துல நின்னு 10ல இன்னொண்ணு. ரூமுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பார்த்தா அதிர்ச்சி! ரெண்டாவது படத்துல மலையோட உயரம் ஏறக்குறைய பாதியாயிடுச்சு. மீதி இடத்தை எல்லாம் வெறும் வானமும் வெறும் தார் ரோடும் பிடிச்சுக்கிச்சு.

இதுல லென்ஸ் மேல தப்பே இல்லை. எல்லாத்தையும் உள்ள அடைக்கணும்னா எல்லாத்தையும் சின்னதாக்கித்தானே ஆகணும்? பஸ்ல கூட்டம் ஏறின மாதிரிதான்... எல்லாரும் உள்ள இருப்பாங்க, ஒருத்தர் முகமும் தெரியாது.

இப்போ அதே வளைவுல குத்துக்கால் போட்டு உட்காருங்க. ரோட்டோரத்துல பனி சொட்டுற தேயிலைச் செடி இருக்கா? அதுக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கேமராவைக் கொண்டு போங்க. இப்போ ஃப்ரேம்ல செடி ராட்சசனா நிக்கும். அதுக்குப் பின்னாடி வரிசையா தோட்டம், வளைஞ்சு போற ரோடு, தூரத்துல மலை. படம் பார்க்கிறவங்க அந்த இடத்துக்குள்ளயே நடந்து போற மாதிரி இருக்கும்.

அல்ட்ரா வைடோட ரகசியமே இதுதான். அது பின்னாடி போறவங்களுக்கான லென்ஸ் இல்லை, கிட்டப் போறவங்களுக்கான லென்ஸ். பக்கத்துல இருக்கிறதைப் பெருசாக்கும், தூரத்துல இருக்கிறதைச் சின்னதாக்கும். பக்கத்துல எதுவுமே இல்லைன்னா, பெருசாக்க அதுக்கு எதுவுமே கிடைக்காது.

சினிமாக்காரங்க இதை எப்பவோ பிடிச்சுட்டாங்க. 1941ல வந்த 'சிட்டிஸன் கேன்' படத்தைப் பாருங்க. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட், வைடு லென்ஸை வெச்சுக்கிட்டு முன்னாடி இருக்கிற ஆளையும் அறையோட கடைசியில இருக்கிற ஆளையும் ஒரே ஷாட்ல துல்லியமா காட்டியிருப்பார். கேமராவைக் கீழ இறக்கினதால ரூமோட கூரை கூட தெரியும். விஸ்காம் மக்களே, படம் பார்க்கிறதையும் ஹோம் ஒர்க்குன்னு வீட்டுல சொல்லிக்கலாம்!

சரி, அந்த ஹாஸ்டல் குரூப் போட்டோ? எட்டுப் பேரும் உள்ள வருவாங்க. ஆனா ஓரத்துல நிக்கிறவன் தலை பூசணிக்காய் மாதிரி இழுபட்டுப் போகும். ஓரத்துக்குப் போகப் போக உருவத்தை இழுக்கிறது இந்த லென்ஸோட இயல்பு. ஃபேர்வெல் போட்டோவை 10ல எடுத்துக் கொடுத்தீங்கன்னா, ஓரத்துல நின்ன நண்பன் வாழ்நாள் முழுக்க மன்னிக்க மாட்டான்!

காசில்லாத டெஸ்ட்

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பரீட்சை. ரெண்டுக்கும் ஒரு பைசா செலவில்லை.

முதல் பரீட்சை: உங்க பழைய படங்களைத் திறங்க. ஒவ்வொரு படத்தோட விவரத்துலயும் அது எத்தனை எம்.எம்.ல எடுத்ததுன்னு பதிவாகியிருக்கும். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச 50 படத்தை எடுத்து எண்ணிப் பாருங்க. பாதிக்கு மேல 18ல இருந்தா, உங்க கண்ணு நிஜமாவே வைடு கேக்குது. எல்லாம் 45, 55ன்னு இருந்தா? நீங்க முகங்களைத் தேடுற ஆளு. உங்களுக்குத் தேவை 50 எம்.எம். எஃப்/1.8. விலையும் கம்மி, வெளிச்சமும் அதிகம்.

ரெண்டாவது பரீட்சை: உங்க போன்ல 0.5னு ஒரு பட்டன் இருக்கா? அதுவும் அல்ட்ரா வைடுதான். 2019ல வந்த ஐபோன் 11ல அது 13 எம்.எம்.க்குச் சமம். அதாவது நாம இவ்வளவு நேரமா பேசுற 10 எம்.எம். லென்ஸை விடவே விரிவு! ஒரு வாரம் 0.5 தவிர வேற எதையும் தொடாதீங்க. கேன்டீன், கிரவுண்ட், பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட்... எல்லாமே 0.5. மூணாவது நாளே போரடிச்சுட்டா, லென்ஸ் காசு தப்பிச்சது. ஏழாவது நாள் பூக்காரம்மாவோட கூடைக்குப் பக்கத்துல மண்டி போட்டு உட்கார்ந்திருந்தா, நீங்க ரெடி.

'அப்போ போனே போதுமே?' நியாயமான கேள்வி. வெயில்ல எடுத்து ஸ்டேட்டஸ்ல போட போன் தாராளமா போதும். ஆனா சாயங்காலம் ஆனா அந்தக் குட்டி சென்சார் திணறும், ஓரங்கள் குழைஞ்சு போகும். பெரிய பிரின்ட், ராத்திரி வானம், அருவியைப் பட்டு நூல் மாதிரி காட்டுற நீண்ட எக்ஸ்போஷர், போட்டிக்கு அனுப்புற படம்... இதெல்லாம் உங்க ஆசைன்னா மேல படிங்க.

ஜாதகப் பொருத்தம் முக்கியம்!

லென்ஸை லவ் பண்றதுக்கு முன்னாடி அது உங்க கேமராவோட சேருமான்னு பார்த்துடுங்க.

கேனன் ஆளா? இ.எஃப்-எஸ் லென்ஸ்கள் ஏ.பி.எஸ்-சி டி.எஸ்.எல்.ஆர்.க்கு மட்டும். நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர். வாங்கினா அதுல மாட்டவே முடியாது. இப்போதைக்கு அதைப் பத்திக் கவலை வேண்டாம். கையில இருக்கிற கேமராவுக்கு வாங்குங்க, கனவு கேமராவுக்கு வாங்காதீங்க.

நிக்கான் ஆளா? கொஞ்சம் கவனம் வேணும். டி3000, டி5000 வரிசை கேமராக்கள்ல போகஸ் மோட்டார் உள்ள இல்லை, லென்ஸ்லதான் இருக்கணும். டோகினா 11-16ஓட முதல் மாடல்ல, நிக்கானுக்கு வந்ததுல மோட்டார் கிடையாது. 2012ல வந்த ரெண்டாவது மாடல்ல உண்டு. பழையதை வாங்கி டி5200ல மாட்டினா, கையால சுத்தித்தான் போகஸ் பண்ணணும்.

இன்னொரு வில்லங்கம், நிக்கானோட ஏ.எஃப்-பி லென்ஸ்கள். டி90, டி3100, டி3200, டி5100, டி7000 மாதிரி பழைய கேமராக்கள்ல இது ஆட்டோ போகஸும் ஆகாது, கையால சுத்தினாலும் ஆகாது! டி3300, டி5300க்கு ஃபர்ம்வேர் அப்டேட் போடணும். டி3400, டி3500, டி5600, டி7500 வெச்சிருக்கிறவங்க நிம்மதியா தூங்கலாம்.

இன்னொரு சந்தேகமும் வரும். கேனனும் நிக்கானும் 2018ல புது மவுன்ட்டோட ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கொண்டு வந்தாங்க, அப்புறம் முழு கவனமும் அந்தப் பக்கம் போயிடுச்சு. 'இப்போ போய் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ் வாங்கலாமா?' வாங்கலாம். பெரிய ஆளுங்க மிரர்லெஸ்ஸுக்கு மாறுறதால பழைய லென்ஸ்கள் செகண்ட் ஹேண்ட்ல வந்துக்கிட்டே இருக்கு. நாளைக்கு நீங்களும் மாறினா, அடாப்டர் போட்டு கேனன் இ.எஃப்-எஸ் லென்ஸை ஆர் வரிசை கேமராக்கள்ல பயன்படுத்தலாம். நிக்கானுக்கும் அடாப்டர் உண்டு. ஆனா மோட்டார் இல்லாத லென்ஸ்ல ஆட்டோ போகஸ் வேலை செய்யாது.

யாருக்கு எது?

ஊர் சுத்திக்கு: கேனன் 10-18 (2014) அல்லது நிக்கான் 10-20 ஏ.எஃப்-பி (2017). ரெண்டும் அமெரிக்காவுல சுமார் 300 டாலர் விலையில அறிமுகமான லென்ஸ்கள். கேனன் 240 கிராம், நிக்கான் 230 கிராம். பையில இருக்கிறதே தெரியாது. கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி ரெண்டுலயும் உண்டு. ரெண்டுமே சென்சார்ல இருந்து 22 செ.மீ. வரைக்கும் கிட்டப் போகும்; லென்ஸ் முன்பக்கத்துல இருந்து அளந்தா ஒரு சாண் கூட இருக்காது. குறை? எஃப்/4.5ல ஆரம்பிக்கிறதால இருட்டுல ஆடுற, ஓடுற ஆளுங்களை எடுக்கிறது கஷ்டம். பாடி பிளாஸ்டிக். முதல் அல்ட்ரா வைடுக்கு இது தாராளமா போதும்.

ராத்திரி ராஜாக்களுக்கு: டோகினா 11-16 எஃப்/2.8. எஃப்/4.5ஐ விட ரெண்டரை மடங்கு வெளிச்சம் உள்ள விடும். நட்சத்திரம் எடுக்கிறவங்க, கல்ச்சுரல்ஸ் மேடைக்குக் கீழ நிக்கிறவங்களுக்கு இதுதான் செல்லப் பிள்ளை. ஆனா அரை கிலோவுக்கு மேல எடை. எதிர்ல லைட் இருந்தா ஒளிச்சிதறல் வரும், ஓரங்கள்ல ஊதா விளிம்பு எட்டிப் பார்க்கும். 11-16ங்கிறது ரொம்பக் குறுகின ஜூம், அடிக்கடி லென்ஸ் மாத்த வேண்டியிருக்கும். இதோட தம்பி 11-20 எஃப்/2.8 (2015) இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்குது.

எல்லாம் வேணும்ங்கிறவங்களுக்கு: கேனன் 10-22 (2004), நிக்கான் 10-24 (2009), டாம்ரான் 10-24. விரிவும் உண்டு, 22, 24 வரைக்கும் போறதால தெருவுல நடந்துக்கிட்டே எடுக்க வசதி. டாம்ரான் வாங்கினா, 2017ல வந்த ரெண்டாவது மாடல் கிடைக்குதான்னு பாருங்க. நடுக்கம் தாங்குற வசதி அதுலதான் இருக்கு.

பட்ஜெட் பத்மநாபன்களுக்கு: சிக்மா 10-20 எஃப்/4-5.6 (2005). பழைய ஆளு, கெட்டியான உடம்பு. நிக்கான் மாடல்லயும் மோட்டார் உள்ளயே இருக்கு.

ஆர்க்கிடெக்சர் பசங்களுக்கு சிக்மா 8-16 (2010) ஒரு கனவு. விரிவோ விரிவு. ஆனா முன்பக்கக் கண்ணாடி முட்டை மாதிரி உப்பியிருக்கும், சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது. கீறல் விழுந்தா கோவிந்தா!

செகண்ட் ஹேண்டா? இதைச் செய்யுங்க!

* போன் டார்ச்சை லென்ஸ் பின்னாடி பிடிச்சு முன்பக்கமா பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். கடலோரக் காத்துல இருந்து வர்ற லென்ஸ்னா ரெண்டு தடவை பாருங்க.

* நேரா நின்னு ஒரு செங்கல் சுவரை எஃப்/5.6ல எடுங்க. நாலு மூலையையும் பெருசு பண்ணிப் பாருங்க. நாலும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கலா இருந்தா பரவாயில்லை, அது வைடு லென்ஸோட குணம். ஒரு பக்கம் மட்டும் குழைஞ்சிருந்தா, உள்ள ஏதோ கண்ணாடி இடம் மாறியிருக்கு. எப்பவோ கீழ விழுந்த லென்ஸா இருக்கலாம்.

* உங்க சொந்த கேமராவைக் கொண்டு போய் மாட்டிப் பாருங்க. கிட்டயும் தூரத்துலயும் ஆட்டோ போகஸ் பிடிக்குதா? எஃப்/16ல சில ஷாட் எடுங்க, எர்ரர் வருதான்னு பாருங்க.

* வாய்ப்பு இருந்தா முதல்ல ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்க. மூணு பேர் சேர்ந்து எடுத்தா ஒரு பிரியாணி செலவு குறையும், அவ்வளவுதான்.

வாங்கியாச்சா? நாலு மந்திரம்

ஒண்ணு, கேமராவை மட்டமாப் பிடிங்க. அண்ணாந்து பிடிச்சா கட்டடம் எல்லாம் பின்னாடி சாயும். வேணும்னே சாய்ச்சா ஸ்டைல், தெரியாம சாய்ஞ்சா தப்பு.

ரெண்டு, 10 எம்.எம்., எஃப்/8ல வெச்சு ஏறக்குறைய 70 செ.மீ. தூரத்துல போகஸ் பண்ணுங்க. 35 செ.மீ.ல இருந்து அடிவானம் வரைக்கும் எல்லாமே தெளிவா வரும். மார்க்கெட்ல, திருவிழாவுல இப்படி செட் பண்ணிட்டு போகஸை மறந்துடலாம்.

மூணு, போலரைசர் ஃபில்டரை யோசிச்சுப் போடுங்க. வானம் இவ்வளவு அகலமா வரும்போது ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளிர் நீலமுமா திட்டுத் திட்டா தெரியும். கேமராவோட குட்டி ஃபிளாஷும் வேண்டாம். லென்ஸோட நிழலே படத்துல அரை வட்டமா விழும், ஓரமும் இருட்டாயிடும்.

நாலு, ஃப்ரேமோட நாலு மூலையையும் பார்த்துட்டு அமுக்குங்க. உங்க ஷூ, கேமரா வார், பக்கத்துல நிக்கிறவரோட முழங்கை... கூப்பிடாத விருந்தாளிங்க எல்லாம் இதுல சுலபமா நுழைஞ்சிடுவாங்க.

கடைசியா ஒண்ணு. 200 எம்.எம். லென்ஸை வெச்சுக்கிட்டு தெருவோட அந்த முனையில இருந்து ஒரு பாட்டியைப் படம் எடுக்கலாம், அவங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த லென்ஸ்ல அது நடக்காது. ஒரு கை தூரத்துக்குப் போகணும். "பாட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கவா?"ன்னு கேக்கணும். வேண்டாம்னா சிரிச்சுட்டு நகரணும். சரின்னா அவங்க பேசுறதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேக்கணும். கூச்சப்படுற ஆளுன்னா முதல்ல உதறும். நாலு ஞாயிறு போனா உதறல் நின்னுடும். எந்த கேமரா கடையிலயும் விக்காத ஐட்டம் அது.

அதனால இந்த வாரம் கடைக்குப் போக வேண்டாம். போனை 0.5ல போட்டுட்டு, காலைல ஆறு மணிக்கு உங்க ஊர் மார்க்கெட்டுக்குப் போங்க. ஒரு கடைக்காரர்கிட்ட பேர் கேளுங்க. லென்ஸை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்!